இருபத்திரண்டாவது நிமிடத்தைத் தாண்டுவது

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு டிவிடி பிளேயர் ஓடுகிறது என்று தெரிந்தால், மனிதர்கள் என்னிடம் திடீரென்று அன்பாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சேலையூரில் நாங்கள் குடியேறிய காலத்தில் தெருவில் எல்லார் வீட்டிலும் அது இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். பழைய பேப்பர்க்காரர் எங்கள் கேட் முன்னால் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நின்று குரல் கொடுப்பது அந்தப் பிளேயருக்காகத்தான் என்கிறாள் என் மனைவி. எனக்காகவும் இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் அவள் வீட்டுக்குள் வந்தன.

அதை வைத்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு டிஸ்க். என் மாமனாரின் அறுபதாம் கல்யாணம்.

மாமனார் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு உலகம் கோப்புகளாகத்தான் தெரியும். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்றால், "ஃபைல் எங்க நிக்குது?" என்பார். வந்துவிட்டால், "க்ளோஸ் பண்ணிடலாம்" என்பார்.

அந்தக் கல்யாணம் திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. தம்பதியை மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கலச நீரை ஊற்றினோம். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். ஊற்றி முடித்தபோது இரண்டு கண்ணாடி வில்லையிலும் தண்ணீர் வழிய, எந்தத் திசையில் மனைவி இருக்கிறாள் என்று தெரியாமல் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேண்டும். புடவை நனைந்திருக்கிறது, துண்டு நனைந்திருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த சாஸ்திரிகளின் அங்கவஸ்திர நுனி காய்ந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல் அதை இழுத்து, இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்து, ஏதோ சொல்லிவிட்டு, கணவர் முகத்தில் மாட்டினார். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தவில்லை.

மொத்தம் இருபது வினாடி இருக்கும். மாமனாருக்கு வேண்டியது அதுதான்.

"அத்தை அப்ப என்ன சொன்னாங்க மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதான் தெரியலை மாப்பிள்ளை. கண்ணாடி இல்லேன்னா எனக்குக் காது சரியா கேக்காது."

கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது புரியும். வீடியோவிலும் கேட்காது. வீடியோ எடுத்தவர் அழகுக்காக ஆரம்பம் முதல் கடைசி வரை நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பிவிட்டார். எனவே ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை டிபனுக்குப் பிறகு, மாமனார் டிவியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமியாரின் உதட்டசைவைப் படிப்பார். "ஒருவேளை, 'சமையல்காரருக்குச் சொல்லியாச்சா'ன்னு கேட்டிருப்பாளோ" என்பார் ஒரு வாரம். அடுத்த வாரம் அந்தத் தீர்மானம் ரத்தாகும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காட்சியில் மாமியாருக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, காலிக் குடத்தோடு நிற்கிற ஆள் நான்தான். தலையில் முடியெல்லாம் இருக்கிறது. அவர் சொன்னது என் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் வீடியோவைப் பார்த்தால் தெரியும், நான் நேராகக் கேமராவைப் பார்த்து, நல்ல பக்கம் எது என்று கணக்குப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். மாமனார் இதைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால்தான் பிளேயரைப் பராமரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க்கில் இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு கீறல். எப்படி வந்தது என்று தெரியாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று எங்கோ படித்து நான் தேய்த்ததில், அந்தக் கீறலுக்குத் துணையாக இன்னொன்று வந்தது. அது எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் வந்ததும் படம் நின்றுவிடும். சல்லடை மேலே, தம்பதி கீழே, நடுவில் தண்ணீர் அந்தரத்தில் நிற்கும். ரிமோட்டில் அடுத்த பகுதிக்குத் தாவும் பொத்தானை அழுத்தினால், பிளேயர் கொஞ்ச நேரம் உறுமி யோசித்துவிட்டு இருபத்தைந்தாவது நிமிடத்தில் போய் இறங்கும். அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் மூக்குக் கண்ணாடி. வருஷக்கணக்காக இப்படித்தான் கடந்துகொண்டிருந்தோம்.

வேறு பிளேயரில் பார்க்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தோம். எதிர்வீட்டுப் பிளேயர் அந்த டிஸ்க்கை விழுங்கிவிட்டு, இப்படி ஒரு பொருளே இல்லை என்று திரையில் எழுதியது. புதிதாக ஒன்று வாங்கிவந்தோம். அது எழுதக்கூட இல்லை, அப்படியே துப்பியது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் பென்டிரைவில் மாற்றித் தருகிறேன் என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டு, கடைசியில் முதல் இருபத்தொரு நிமிடத்தை மட்டும் கொடுத்தார். கோலம், நாதஸ்வரக் கோஷ்டி, வாசலில் சந்தனம் கொடுத்த சின்ன மாமியார் எல்லாம் இருந்தது. வீடியோ எடுத்தவரைத் தேடிப் போனால், அவர் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கரணைப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தார். ஒரிஜினல் கேசட் இருக்கிறதா என்றேன். மனை வேண்டுமா என்றார். ஆக, பூமியில் அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் எங்கள் வீட்டுப் பிளேயர்தான்.

இதற்கிடையில் மாமனாருக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம் என்று சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருந்தது. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். "போனது திரும்ப வராது. இருக்கறதை எவ்வளவு நாள் காப்பாத்த முடியுமோ பார்க்கலாம்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மாமனார், "ஸ்டாக் வெரிஃபிகேஷன் மாதிரிதான். இருப்பு குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு எழுதிக் கொடுத்துட்டார்" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி இன்னும் ஒரு சாண் முன்னால் போனது. அவருடைய துவாரத்துக்குள் மாமியாரின் முகம் சரியாக அடங்கும் தூரத்தை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கீறலைத் தாண்டுவதற்குப் பிளேயர் எடுத்துக்கொள்ளும் நேரம் வாரத்துக்கு வாரம் நீண்டது. நான் இணையத்தில் தேடினேன். அதே பிளேயரை வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் மனிதர்கள் அங்கே வந்து, தட்டு வெளியே வரவில்லை, வந்த தட்டு உள்ளே போகவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் கீறல் விழுந்த டிஸ்க்குகளை நன்றாகப் படிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பிளேயரின் உள்ளே உட்கார்ந்துகொண்டு எதை எப்படிச் செய்யவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள் அது. பிளேயர் வாங்கிய நாளிலிருந்து எங்களுடையது பழைய புத்தியோடேயே இருந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் புதுப்பித்தேன். பென்டிரைவைச் சொருகி, ரிமோட்டால் மெனுவுக்குப் போய், சம்மதம் என்று அழுத்தினேன். எக்காரணம் கொண்டும் மின்சாரத்தைத் துண்டிக்காதே என்று திரையில் வந்தது. மின்வாரியத்தின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கையால், முன்கூட்டியே பிளேயரை இன்வெர்ட்டர் இணைப்பில் மாற்றியிருந்தேன். மிக்ஸி போடக்கூடாது, வாஷிங் மெஷின் போடக்கூடாது என்று வீட்டில் ஊரடங்கு.

"சுண்டலுக்குத் தேங்காய் அரைக்கணும்" என்றாள் மனைவி, கையில் ஒட்டடைக்கோலோடு.

"பத்து நிமிஷம்."

"நீங்க தொட்டுக் கெடாத சாமான் இந்த வீட்ல புஸ்தகம் மட்டும்தான். அது ஞாபகம் இருக்கட்டும்."

கோடு மெல்ல மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டது. புதிய எண் திரையில் வந்தது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. சோதித்துப் பார்ப்பதற்குள் ஒட்டடை என் தலையில் விழ ஆரம்பித்ததால், முன்பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பூஜை. எங்கள் வீட்டில் கருவிகளுக்குப் பொட்டு வைப்பது மாமனாரின் இலாகா. அலுவலகத்தில் அத்தனை டைப்ரைட்டருக்கும் அவர்தான் வைப்பாராம். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், என் லேப்டாப் என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, வாகான இடம் கண்டு வைத்துக்கொண்டு போவார். அன்று முழுக்க எதையும் இயக்கக்கூடாது. விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, புது ஃபர்ம்வேர் எப்படின்னு பார்ப்போம்" என்றார்.

ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பேட்டரியை மாற்றினேன். இல்லை. முன்பக்கத்தில் இருப்பது மூன்றே பொத்தான்: உயிர் கொடுக்க, தட்டைத் திறக்க, ஓடவைக்க. ஓடவைத்தேன். ஓடியது. இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. தண்ணீர் அந்தரத்தில் நின்றது. தாவுவதற்கு ரிமோட் தவிர வழியில்லை. ரிமோட்டுக்கு அது கட்டுப்படவில்லை.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லை மாமா, சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

இதற்குப் பிறகு நடந்ததை என் அறிவாற்றலின் வரலாறு என்றே சொல்லலாம். செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால், ரிமோட்டின் நுனியில் விளக்கு மினுக்குவது தெரியும். மினுக்கியது. ஆக, ரிமோட்டில் குறையில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ரிமோட் ஒன்று வாங்கினேன். அதற்கு எதிர்வீட்டு ஏசி கட்டுப்பட்டது, எங்கள் பிளேயர் கட்டுப்படவில்லை. புதுப்பிப்பதற்கு முன்னால் ரிமோட் வேலை செய்தது. புதுப்பித்த பிறகு செய்யவில்லை. எனவே புதுப்பித்ததுதான் காரணம். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? நான் தர்க்க சாஸ்திரமெல்லாம் படித்தவன்.

மன்றத்தில் போய்ப் பார்த்தால், எனக்கு முன்னாலேயே ஒருவர் புதிய ஃபர்ம்வேர் ரிமோட்டைக் கொன்றுவிட்டது என்று எழுதியிருந்தார். கீழே பத்துப் பதினைந்து பேர், எனக்கும், எனக்கும் என்று வந்திருந்தார்கள். சேலையூரிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பலாம் என்றால், அதை ஏற்றவும் மெனுவுக்குப் போகவேண்டும், மெனுவுக்குப் போக ரிமோட் வேண்டும். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் என்னை விசாரித்து எழுதினார்: பிளேயரின் முகத்தில் ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும், அதன் முன்னால் ஏதாவது மறைக்கிறதா?

எழுந்து போய்ப் பிளேயரை நன்றாகப் பார்த்தேன். பூச்சாடி இல்லை. காலண்டர் இல்லை. திரும்பி வந்து, "ஐயா, மறைப்பு எதுவும் இல்லை. நான் இந்த மாதிரி அடிப்படை விஷயங்களை எல்லாம் தாண்டி வந்துவிட்டேன்" என்று பதில் போட்டேன். கொஞ்சம் உஷ்ணமான ஆங்கிலத்தில். அவர் அதன் பிறகு எழுதவில்லை.

தீபாவளி வந்து போனது. ஒவ்வொரு ஞாயிறும் மாமனார் கேட்பார்.

"மாப்பிள்ளை, ஃபைல் எங்க நிக்குது?"

"பரிசீலனையில இருக்கு மாமா."

குரோம்பேட்டையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று ஒன்று இருந்தது. டோக்கன் எடுத்து, பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுற்றிலும் எல்லோருடைய மடியிலும் செல்போன். கவுன்டரில் இருந்த பெண் பிளேயரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்து, ஒரு நொடி கை நிதானித்து, மரியாதையாக மெதுவாகக் கீழே வைத்தார். ரிமோட்டை அழுத்திப் பார்த்தார்.

"அப்டேட் யார் சார் பண்ணது?"

"நான்தான்."

மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவனை டாக்டர் பார்ப்பதுபோல் பார்த்தார். "சார், இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு. இப்ப யாரு சார் டிஸ்க் பாக்கறாங்க? எல்லாம் ஆன்லைன்ல வந்துடுதே."

என் மாமியார் ஆன்லைனில் வரவில்லை என்று சொல்லத் தோன்றியது. ஆனால் பின்னால் முப்பத்தேழாம் டோக்கன் நின்றுகொண்டிருந்தது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. நாற்காலி சுவரோரம் போயிருந்தது. கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்த ஒருநாள், காபியை வாங்கிக்கொண்டு, டம்ளரின் விளிம்பை விரலால் தேடியபடி அவரே சொன்னார்.

"அந்த ஃபைலை க்ளோஸ் பண்ணிடுங்க மாப்பிள்ளை. எதுக்கு சும்மா இழுத்துக்கிட்டு. இன்னும் கொஞ்ச நாள் போனா, நீங்க சரி பண்ணிக் கொடுத்தாலும் எனக்கு உதடெல்லாம் தெரியப் போறதில்லை."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் என்னை விடுவிக்கிற மாதிரி சொன்னார். உள்ளே போய்ப் பிளேயரைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

பம்மலில் தோல் பட்டறைகள் இருந்த பக்கம் ஒரு சந்தில், எதையும் தூக்கிப் போடச் சொல்லாத மெக்கானிக் ஒருவர் இருப்பதாக பேங்கில் வரிசையில் நின்ற ஒருவர் சொல்லியிருந்தார். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். மெக்கானிக் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். சுவரில் மாதா படம், அதன் கீழே வரிசையாகத் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபையர்கள். சால்டரிங் கோலைக் கீழே வைக்காமலேயே என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கொயந்த மாதிரி துண்டுல சுத்திகினு வந்துகீற?"

வியாதியின் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஃபர்ம்வேர், வெர்ஷன் எண், மன்றம், பதினைந்து பேரின் அனுபவம், எல்லாம். அவர் பாதியிலேயே ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

"நீ பேசிகினே இரு சார். நான் தொறக்கறேன்."

மூடியைக் கழற்றினார். முன்பக்கத்து முகப்பைக் கழற்றித் தனியாக வைத்தார். ரிமோட்டை எடுத்து அழுத்தினார். தட்டு சட்டென்று வெளியே வந்தது.

நான் ரிமோட்டைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன்.

"வேலை செய்தே சார். இன்னா பேஜாரு இதுல?"

முகப்பை மாட்டினார். அழுத்தினார். ஒன்றுமில்லை. கழற்றினார். வேலை செய்தது. மாட்டினார். இல்லை. ஃபர்ம்வேர் என்கிற என் மாபெரும் கோட்டை, ஒரு பிளாஸ்டிக் முகப்பு மாட்டி மாட்டிக் கழற்றப்படும் சத்தத்தில் இடிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் முகப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது இன்னா?"

"எது?"

"இது சார், இது." விரலால் காட்டினார்.

"அது பொட்டும்மா."

"பொட்டுன்னு தெரியுது. எங்க வச்சிகீற பாரு."

அப்போதுதான் பார்த்தேன். ஐந்து மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததை. நல்ல கெட்டிச் சந்தனம், எட்டணா அகலம், நடுவில் குங்குமம். மற்ற எல்லாச் சாமானுக்கும் வைத்ததைவிடப் பெரிதாக, அன்போடு, அந்தச் சின்ன ஜன்னலின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. பனி தேசத்துக்காரர் கேட்டபோதும் நான் இதைத்தான் பார்த்தேன். பொட்டு வைத்த முகத்தில் பொட்டு ஒரு மறைப்பு என்று யாருக்குத் தோன்றும்? சர்வீஸ் சென்டர் பெண்ணுக்கும் தோன்றவில்லை. அவர் நெற்றியிலும் ஒன்று இருந்தது.

"கண்ணு மேல சந்தனத்த அப்பிட்டு, பாக்கல பாக்கலன்னா அது இன்னா சார் பண்ணும்?" அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் என்னவென்று எட்டிப் பார்த்தார், அவருக்கும் சொன்னார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு, திடீரென்று தயங்கினார்.

"தொடைக்கலாமா சார்? சாமி சமாச்சாரம். நாளைக்கு நீ வந்து ஒண்ணும் சொல்லக் கூடாது."

"துடைங்கம்மா."

அதே பஞ்சின் மறுபக்கத்தால் லென்ஸையும் துடைத்துக் கொடுத்தார். "இனிமே பூஜ பண்ணா மேல் மூடில வையி சார். அங்க எம்மாம் எடம் கீது!"

திரும்பும்போது ஆட்டோவில் யோசித்தேன். பக்கவாட்டுப் பார்வை போன மனிதர், விரலால் தடவிக்கொண்டே போகிறார். சொரசொரப்பான முகப்பு முழுவதும் தேடி, வழவழப்பாக, லேசாகக் குழிந்த ஓர் இடம் கிடைக்கிறது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போன்ற இடம். அவருக்கு வேண்டிய ஒன்றே ஒன்றை அவர் கையாலேயே, பக்தியோடு, மூடியிருக்கிறார். இதை அவரிடம் சொல்வதற்கு எந்த வார்த்தையும் சரிப்படவில்லை. நல்லவேளையாக, குற்றவாளி ஏற்கெனவே தயாராக இருந்தான். ஐந்து மாதமாக வீடு முழுக்க அவன்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தது.

"என்னதான் மாப்பிள்ளை ஆகியிருந்தது?" நாற்காலியை இழுத்துக்கொண்டே மாமனார் கேட்டார்.

"நான் போட்ட அப்டேட்தான் மாமா. தப்பான வெர்ஷன்."

"நான் நினைச்சேன்." அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. மனைவி சமையலறையிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

நான் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் குனிந்து பிளேயரின் முகத்தைத் தடவினார். விரல் நின்றது.

"பொட்டு எங்க?"

"மெக்கானிக் துடைச்சிட்டாங்க மாமா. அழுக்குன்னு நினைச்சு."

"அடடா. பொழைச்சு வந்திருக்கு, வெறும் நெத்தியோடவா வைக்கறது?" எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு பூஜை அறைக்குப் போனார். தடுப்பதற்குள் கிண்ணத்தோடு வந்துவிட்டார். சந்தனம் தோய்ந்த விரல் முகப்பின் மேல் நகர ஆரம்பித்தது. தட்டைத் தாண்டியது. பொத்தான்களைத் தாண்டியது. வழவழப்பான இடத்தை நோக்கி நேராக வந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஜன்னலின் மேல் என் கட்டைவிரலை வைத்து மூடினேன்.

விரல் வந்து என் நகத்தில் நின்றது. வழவழப்பாகத்தான் இருந்திருக்கும். சந்தனத்தைப் பதித்து, நடுவில் குங்குமம் வைத்து, லேசாக ஊதியும் விட்டார். "ம்" என்றார் நிறைவாக. அந்த வீட்டில் எனக்குப் பூஜை நடந்தது அதுதான் முதல் தடவை. மெல்ல விரலை எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க் உள்ளே போனது. கோலம், நாதஸ்வரம், சின்ன மாமியார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் தண்ணீர் அந்தரத்தில் நின்றது. அழுத்தினேன். பிளேயர் உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ணினேன். ஒன்பதில் தாவியது. மாமியார் ஈரப் புடவையோடு திரும்பினார். அங்கவஸ்திரத்தை இழுத்தார். மாமனார் நாற்காலியை முன்னுக்குத் தள்ளித் தள்ளி, டிவிக்கு ஒரு முழத்தில் இருந்தார். கண்ணாடி முகத்தை நோக்கி வந்தது. உதடு அசைந்தது.

மாமனார் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார். பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே, "முகம் தெரியுது. உதடு கலங்கலா இருக்கு. நீங்க பாருங்க மாப்பிள்ளை. என்ன சொல்றா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. திரையில் குடத்தோடு நின்ற இளைஞன் இன்னும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சரியா கவனிக்கலை மாமா" என்றேன். அன்றைக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"பரவால்லை. இன்னொரு தடவை போடுங்க."

நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பின்னால் ஓட்டும் பொத்தானை அழுத்தினேன். நகத்துக் குங்குமம் கொஞ்சம் அதன்மேல் உதிர்ந்தது. கண்ணாடி மாமனார் முகத்திலிருந்து கழன்று மாமியார் கைக்குப் போனது. அங்கவஸ்திரம் சாஸ்திரிகளின் தோளுக்குத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் விட்டால் கீறலில் போய் மாட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் நிறுத்தி, என் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாமியாரின் முகத்தை மட்டும் பார்த்தேன்.